கல்லின் வெள்ளை நரம்பு

ஊத்துப்பாறை மடத்துக்கு மாதம்மாள் நெய் கொண்டு வரும் நாட்களில் கோதண்டம் கொல்லைப் பக்கம் போய்விடுவார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், இல்லாவிட்டால் சுள்ளி பொறுக்குவார். அவள் குரல் தூரத்தில் தேய்ந்து மறைந்த பிறகுதான் உள்ளே திரும்புவார். பதினொரு வருடமாக இப்படித்தான். மடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் முன்னால் நிற்கக் கூசுகிற மனிதர் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த மார்கழிக் காலையில் அவள் கொல்லை வழியாகவே வந்துவிட்டாள்.

"தாடி சாமி, நில்லுங்க. உங்களத்தான் தேடி வந்தேன்."

கோதண்டத்தின் கையிலிருந்த வாளி நழுவியது. தண்ணீர் முழுக்க அவர் காலில் கொட்டியது.

"என்னங்க சாமி, பேயப் பாத்த மாதிரி பதறுறீங்க? நெய்க்காரிதான்."

"என்ன வேணும்?"

"உங்க கையால கொஞ்சம் திருநீறு. டீச்சரம்மாகிட்டக் கேட்டா அடுப்புல இருக்கு, அள்ளிக்கோன்னு சொல்லிடுவாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"யாருக்கு?"

"எம் பையன் திம்மராஜுக்கு. இன்னிக்குக் குவாரியில ஆப்பு வேலைக்கு ஏறுறான். பத்து மணிக்குப் பூச போட்டு மொதக் கல்ல ஆரம்பிக்கிறாங்க."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவங்கப்பன் அந்த வேலையிலதான் போனாரு. வெள்ளக் கோட்டுல ஆப்ப வைடான்னு செக்கரு சொல்லியிருக்காரு. இவரு கவனமில்லாம தள்ளி வச்சுட்டாராம். கல்லு சரிஞ்சு மேல விழுந்துடுச்சு. அந்தக் கை எம் புள்ளைக்கு வந்துடக் கூடாது சாமி. ஊருல இப்பவே அவன கைதப்பி மவன்னுதான் கூப்புடுறானுங்க."

"இப்ப... ஆப்ப எங்க வைக்கப் போறான்?"

"வேற எங்க? வெள்ளக் கோட்டுலதான். நூல் புடிச்ச மாதிரி வைடான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். மேஸ்திரியும் அதையேதான் சொன்னாராம். உங்கப்பன் செத்த பொறவு இங்க அதாண்டா சட்டம்னு."

கோதண்டத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. அவள் வாய் அசைவது தெரிந்தது. சொல் எதுவும் விழவில்லை. காகிதத்தில் திருநீறு மடிக்கும்போது பாதி தரையில் சிந்தியது.

"ஏன் சாமி பாதியக் கீழ சிந்துறீங்க?"

"குளிரு."

அவள் மடிப்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெய்த் தூக்கோடு சமையல்கட்டுக்குப் போனாள்.

அந்தச் செக்கர் கோதண்டம்தான். அவளுக்கு அது தெரியாது. அப்போது அவர் வெளியூர்க்காரர். சட்டையும் மீசையுமாகக் குவாரி கொட்டகையில் நாலு மாதம் தங்கியிருந்தவர். எந்தக் கல் தேறும், எந்தக் கல் தேறாது, எங்கே பிளக்க வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. கல்லின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார். மேல் ஈரமெல்லாம் உலர்ந்த பிறகும் எந்தக் கோடு கறுத்தே நிற்கிறதோ அது விரிசல். காத்திருப்பதில்தான் அந்த வேலையே இருக்கிறது.

அன்றைக்குக் காலையில் தூறல். கல் முழுக்க ஈரம், எது விரிசல் என்று தெரியவில்லை. லாரி வேறு வந்து நின்றுகொண்டிருந்தது. கல்லின் நடுவே ஓடிய வெள்ளைக் கோட்டைக் காட்டி, இதில் ஆப்பை இறக்கு என்றார்.

மாதம்மாளின் கணவர் முனிரத்தினம் குனிந்து கோட்டைத் தடவிப் பார்த்தார். "அண்ணே, இது விரிசல் இல்ல, நரம்பு. நரம்புல ஆப்பு ஏறாது. கல்லு வேற பக்கம் பிச்சுக்கும்" என்றார்.

"இங்க செக்கர் நீயா, நானா?"

முனிரத்தினம் சிரித்தார். "நீங்கதாண்ணே" என்று சொல்லிவிட்டுக் குழி போட உட்கார்ந்தார்.

எட்டாவது ஆப்பில் கல் பிளந்தது. கோட்டில் இல்லை, கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி. பலகை பலகையாகச் சரிந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோது, "ஆப்பைக் கோட்டிலிருந்து தள்ளி வைத்துவிட்டார்" என்றார் கோதண்டம். ஆப்பு இருந்த ஓரம் தூள்தூளாகக் கிடந்தது. பார்த்து மறுக்க ஆளில்லை. அந்த ஒரு வாக்கியத்தை எழுதிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். மறு வாரமே கோதண்டம் குவாரியை விட்டு நடந்தார். நடந்து வந்து சேர்ந்த இடம் இந்த மடம்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறார். ஆனால் நினைக்கும்போதெல்லாம் பயம்தான் முன்னால் நின்றது. பயத்தோடு சொன்னால் அது இன்னொரு பொய் என்று தோன்றியது. மனசு முழுசாக உருகட்டும், பயம் ஒரு துளி மிச்சமில்லாமல் போகட்டும், அப்புறம் போய் அவள் காலில் விழலாம் என்று இருந்தார். அதற்காகத்தான் தியானத்தில் உட்கார்ந்தார், பட்டினி கிடந்தார். இரண்டு மைல் தூரத்துக் குவாரியில் அவர் சொன்ன பொய் சட்டமாகி நிற்கிறது என்பது இன்று காலை வரை அவருக்குத் தெரியாது.

அந்த மனசு உருக இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்க அவர் சமையல்கட்டுக்கு ஓடினார்.

மடத்தின் குருவை எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் கல்லூரியில் கற்களைப் பற்றிப் பாடம் சொன்னவர். கோதண்டத்தைவிடப் பதிமூன்று வயது இளையவர். கோதண்டம் வந்த அன்று, எங்கிருந்து வருகிறீர்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவர் மாதம்மாளின் தூக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"ஒரு கல்லு முழுசா உருக எவ்வளவு காலமாகும்?"

டீச்சரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தக் குளிரிலும் கோதண்டத்தின் முகத்தில் வியர்வை வழிந்தது.

"முழுசா உருகுன கல்ல நான் பாத்தது கொஞ்சம்தான்."

"பூமிக்கு அடியில உருகுதுங்களே?"

"அங்கயும் பெரும்பாலும் முழுசா உருகறதில்லீங்க. இங்க வாங்க."

குளிரில் நெய் மணல் மணலாக உறைந்திருந்தது. டீச்சரம்மா தூக்கைச் சாய்த்தார். ஒன்றும் வழியவில்லை.

"இது கெட்டியா, தண்ணியா?"

"கெட்டி."

கரண்டியின் பின்பக்கத்தை நெய்யின் மேல் வைத்து மெதுவாக அழுத்தினார். கரண்டியைச் சுற்றி மஞ்சளாக ஊறி மேலே வந்தது.

"அடுப்புல வச்சேனா?"

"இல்ல."

"அப்ப இது எங்கிருந்து வந்துச்சு?"

"உள்ளயே இருந்திருக்கு. மணலுக்கும் மணலுக்கும் நடுவுல."

"டீச்சரம்மா," என்றாள் மாதம்மாள், "எம் நெய்யில தண்ணி கலந்திருக்குன்னு சுத்தி வளச்சுச் சொல்றீங்களா?"

"இல்ல மாதம்மா. நல்ல நெய்."

"நல்ல நெய்யின்னா சட்டுன்னு ஊத்திக்கிட்டுத் தூக்கக் குடுங்க. குவாரிக்குப் போவணும்."

டீச்சரம்மா கோதண்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லும் இப்படித்தாங்க. நூத்துல ரெண்டு பங்கு, மூணு பங்கு உருகும். மீதியெல்லாம் கல்லாவேதான் இருக்கும். உருகுன அந்தக் கொஞ்சம் மணலு மாதிரி இருக்கிற கல்லு மணிங்களுக்கு நடுவுல ஒண்ண ஒண்ணு தொட்டுக்கும். மேல இருக்கிற கல்லோட பாரம் அழுத்தும். அது இண்டு இடுக்கா ஏறிப் போகும்."

"மீதிக் கல்லு வழி விடுமா?"

"போற வழியக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுக்கிட்டே போகும். ஒரு தடவ போன வழியில பின்னால வர்றதும் வரும். நூலு மாதிரி ஆரம்பிச்சது ஆறு மாதிரி ஆயிடும். வாங்க, கண்ணாலயே காட்டுறேன். கொட்டகையில ஆப்பு கெடக்கும் பாருங்க, அதையும் சம்மட்டியையும் எடுத்துட்டு வாங்க."

"ஆப்பு எதுக்கும்மா?"

"துவைக்கிற கல்லு ரெண்டாப் போச்சு. வேற ஒண்ணு எடுக்கணும்."

தூக்கைத் திரும்ப வாங்க மாதம்மாளும் கூடவே வந்தாள். கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை சரிவாக நின்றது. கறுப்புக் கல். அதன் அடியில் வெள்ளை நூல்கள் நூறு நூறாகக் கிளம்பி, ஒன்றோடொன்று கூடி விரல் தடிமனாகி, உச்சியில் கை அகலத்துக்கு ஓடின. கோதண்டம் பதினொரு வருடமாக அங்கேதான் குளித்தார். பாறைக்கு முதுகைக் காட்டியே குளித்தார்.

"பாத்தீங்களா, இதுதான் அது நடந்த வழி," என்றார் டீச்சரம்மா. "நடந்துக்கிட்டிருக்கும்போதே ஆறி நின்னுடுச்சு. அந்தக் கறுப்பு இருக்கே, அது உருகவே இல்ல."

கோதண்டத்தின் கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக்கொண்டு டீச்சரம்மா கேட்டார்.

"இந்த வெள்ளைக் கோட்டுல ஆப்பு வச்சா நேராப் பிளக்குமில்லீங்களா? நீங்க கல்லு தெரிஞ்சவராச்சே."

அவர் வாயைத் திறக்குமுன் மாதம்மாள் முந்திக்கொண்டாள். "பின்ன? கோட்டுலதான் வைக்கணும் டீச்சரம்மா. எங்க குவாரியில அதான் சட்டம். தள்ளி வச்சாத்தான் ஆபத்து. குடுங்க, நான் புடிக்கிறேன், நீங்க ஒரு போடு போடுங்க. நேரமாவுது."

கோட்டின் மேல் பழைய குழி ஒன்று இருந்தது. அவள் பாறையின் சரிவுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆப்பை அதில் செருகிப் பிடித்தாள். முனிரத்தினம் உட்கார்ந்த அதே மாதிரி. டீச்சரம்மா சம்மட்டியைத் தூக்கினார்.

"எந்திரி!"

அந்தச் சத்தத்தில் மரத்திலிருந்த காகங்கள் கலைந்து பறந்தன. கோதண்டம் அவள் தோளைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். அவள் சேற்றில் போய் விழுந்தாள்.

"வெளிய வா! அது விரிசல் இல்ல, நரம்பு! நரம்புல ஆப்பு ஏறாது! கல்லு வேற பக்கம் பிச்சுக்கும்!"

சம்மட்டி டீச்சரம்மாவின் கையிலேயே நின்றது.

மாதம்மாள் சேற்றில் கையூன்றி எழுந்தாள். முழங்கையில் ரத்தம் கசிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"இந்தப் பேச்சு," என்றாள், "எங்க வீட்டுக்காரரு பேச்சு. நரம்புல ஆப்பு ஏறாதுன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பாரு. உங்களுக்கு யாரு சொன்னது?"

பொய் வாயருகே தயாராக நின்றது. யாரோ சொல்லக் கேட்டேன் என்றால் போதும். பயம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலிருந்து ஒரு பெயர் வெளியே வந்துவிட்டது.

"முனிரத்தினம்."

"அவர எங்க பாத்தீங்க?"

"குவாரியில. அன்னிக்கு. வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கோட்டுல வைக்கச் சொன்னேன். அவரு தள்ளி வைக்கல. நான் சொன்ன எடத்துலதான் வச்சாரு. தள்ளி வச்சாருன்னு எழுத வச்சது நான்."

சொல்லி முடித்துவிட்டு அவரே திகைத்து நின்றார். வேறு யாரோ பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டது போலிருந்தது.

மாதம்மாள் அழவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"பதினோரு வருஷம்," என்றாள். "நான் கொண்டாந்த நெய்ய நீ தின்னிருக்க."

கோதண்டம் தலையசைத்தார்.

"அந்த மனுசனுக்குக் கை தப்பிடுச்சுன்னு நானே எம் புள்ளைகிட்டச் சொன்னேன். நானே. எம் வாயால."

அப்போதுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "ஐயோ, திம்மராஜு!" என்றாள். "அவன் கோட்டுலதான வைப்பான்! மணி என்னாச்சு?"

"ஒன்பது தாண்டியிருக்கும்," என்றார் டீச்சரம்மா.

"நட. வந்து சொல்லு. நான் சொன்னா எவனும் கேக்க மாட்டான். நடடா!"

அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். கோதண்டம் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அம்மா, பயம் அப்படியே இருக்கு. எனக்குள்ள ஒண்ணும் உருகல. கல்லாவேதான் நிக்கிறேன்."

"இப்ப வந்துச்சே ஒரு பேரு, அது எதுலயிருந்து வந்துச்சு?"

கோதண்டம் ஓடினார்.

குவாரியில் பூசை முடிந்திருந்தது. கல்லுக்கு மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டில் ஆறு குழி, ஆறு ஆப்பு. திம்மராஜு கல்லின் கீழ்ப்பக்கம் மண்டியிட்டுச் சம்மட்டியைத் தோளுக்கு ஏற்றியிருந்தான். அப்பனைப் போலவே பரந்த முதுகு. கோதண்டம் ஓடிய வேகத்தில் அவனுக்கும் கல்லுக்கும் நடுவே போய் விழுந்தார்.

"யாருய்யா இந்தச் சாமியாரு? பைத்தியமா?" என்று கத்தினார் மேஸ்திரி.

"நான் பழைய செக்கரு, கோதண்டம்."

மேஸ்திரி உற்றுப் பார்த்தார். வாய் பிளந்தது.

கோதண்டம் பூசைக்கு வைத்திருந்த குடத்தைத் தூக்கி அதிலிருந்த தண்ணீர் முழுவதையும் கல்லின் மேல் கவிழ்த்தார். "யாரும் கல்லுகிட்டப் போகாதீங்க. காத்திருங்க" என்றார்.

"என்னத்துக்கு?"

"காத்திருங்க."

இருபது பேர் வெயிலில் நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். யாரோ பீடி பற்றவைத்தார்கள். மாதம்மாள் மகனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்லின் மேல் ஈரம் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. முதலில் உலர்ந்தது வெள்ளைக் கோடு. அதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. சுற்றியிருந்த கறுப்பும் உலர்ந்தது. பிறகு, கோட்டிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு உலராமல் நின்றது. கல்லின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அதற்கு நேர் கீழேதான் மண்ணில் திம்மராஜுவின் முழங்கால் தடம் இருந்தது.

சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். பீடி பிடித்தவன் அதைக் கீழே போட்டான்.

திம்மராஜு அந்த ஈரக் கோட்டையும் தன் முழங்கால் தடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"எங்கப்பன் ஆப்ப எங்க வச்சாரு?"

"நான் காட்டுன வெள்ளக் கோட்டுல. வேணாம்னு சொல்லிட்டுத்தான் வச்சாரு."

"எல்லாரும் கேக்கச் சொல்லு."

கோதண்டம் திரும்பி இருபது பேரையும் பார்த்துச் சொன்னார். குரல் உடைந்தது. இரண்டாம் முறை சொன்னார்.

"எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கிறேன்."

"யோவ்," என்று மேஸ்திரி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "எழுதிக் குடுத்தா உள்ள தள்ளிடுவானுங்கய்யா."

"தெரியும்."

திம்மராஜு பக்கத்தில் வந்தான். கையெடுத்துக் கும்பிடப் போகிறான் என்று யாரோ ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் கோதண்டத்தின் முகத்தில் துப்பினான். பிறகு தாயை அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் கோதண்டம் மடத்துக்குத் திரும்பினார். டீச்சரம்மா வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கோதண்டம் கீழ்ப் படியில் உட்கார்ந்தார்.

"எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

கோதண்டம் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஆய்ந்தபடி, "அம்மா, உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றார்.

"எது?"

"நான் யாருன்னு."

"தெரியாதுங்க. துவைக்கிற கல்லு வேணும்னுதான் கூப்பிட்டேன்."

கோதண்டம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"மாதம்மா என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. பையன் மூஞ்சியில துப்பிட்டான்."

"ம்."

"அதுக்கு வருத்தமில்லீங்க. வேற ஒண்ணு. சொல்லிட்டா உள்ள இளகிடும்னு நெனச்சேன். இப்பத் தொட்டுப் பாத்தா முன்னவிடக் கெட்டியா இருக்கு. நான் சொன்னது நெஜந்தானான்னே சந்தேகமா இருக்கு."

"உருகுனது வெளிய போயிட்டா மீதிக் கல்லு மணியெல்லாம் நெருங்கிக்கும். கல்லு முன்னவிடக் கெட்டியாத்தாங்க ஆகும்."

கோதண்டத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினொரு வருடம் எதற்காகக் காத்திருந்தாரோ அது ஒருநாளும் வரப்போவதில்லை என்று இவ்வளவு சாதாரணமாக, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிவிட்டாரே.

"அப்ப எனக்கு என்னதாம்மா கெடச்சுது?"

டீச்சரம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"அந்தப் பையன் இன்னிக்கு வீட்டுக்கு எப்படிப் போனான்?"

"அவங்கம்மா கையப் புடிச்சுக்கிட்டு நடந்து போனான்."

"உங்களுக்குள்ள உருகி மேல வந்தது அதாங்க," என்றார் டீச்சரம்மா.